பழைய பிரஸ்ஸை எடைக்குப் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இலக்குச் சுடுதல் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்துகொள்கிறவர்களைப் பற்றித் தமிழில் எழுத்து கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் வந்த ஒரு வரியும் ஒரு படமும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய ரீலோடிங் பிரஸ்கள் (இந்தக் கூடுகளை அழுத்திச் சரிசெய்யும் கைப்பிடி இயந்திரங்கள்) அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் லாயக்கு, துல்லியமான தோட்டா வேண்டுமானால் புதிய பிரஸ்தான் வாங்க வேண்டும் என்பது அந்த வரி. படத்தில் இருந்தது ஒரு பழைய வார்ப்பிரும்பு பிரஸ். அதன் உடம்பில் மேலிருந்து கீழாக ஓடிய கோட்டைக் காட்டி, ‘விரிசல் விட்ட பழைய இயந்திரம்’ என்று கீழே போட்டிருந்தீர்கள். நான் முப்பத்தொரு வருடம் டூல்ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்யும் பிரிவில், வேலை பார்த்தவன். அந்தக் கோடு நட்ட நடுவில், நூல் பிடித்தது போல நேராக, சிறிது மேடாக ஓடுகிறது. அது விரிசல் இல்லை. வார்ப்பு வேலையில் மணல் அச்சின் மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேரும் இடத்தில் விழுகிற தடம். விரிசல் இப்படி ஒழுங்காக ஓடாது. அது பெரும்பாலும் ஒரு மூலையிலோ துளையின் ஓரத்திலோ தொடங்கி, கோணல்மாணலாகப் போகும், மேடாகவும் நிற்காது.

படம் சிறிய விஷயம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தாத்தா வைத்துவிட்டுப்போன பிரஸ்ஸை யாராவது பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார்களோ என்றுதான் இதை எழுதுகிறேன். தோட்டா செய்துகொள்வதற்கான சட்டமும் உரிமமும் நாட்டுக்கு நாடு மாறும். அதற்குள் நான் போகவில்லை. உரிமத்தோடு செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பிரஸ் செய்வது ஒரே ஒரு வேலை. சுட்டவுடன் பித்தளைக் கூடு, தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்துவிடும். அதை டை என்கிற அச்சுக்குள் அழுத்தித் தள்ளி, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதே அழுத்தத்தில் டையின் நடுவில் இருக்கும் ஊசி, கூட்டின் அடியில் பதிந்திருக்கும் பழைய பிரைமரை, அதாவது அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, வெளியே தள்ளிவிடும். புதிய பிரைமர் போட்டு, மருந்தை அளந்து ஊற்றி, குண்டை வாயில் உட்கார வைத்தால் தோட்டா தயார். மருந்து அளக்கிறதைத் தவிர மற்றதெல்லாம் ஒரே செயல்தான்: ரேம் என்கிற உருளைத்தண்டு கூட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே போக வேண்டும், வளையாமல் அழுத்த வேண்டும். நேராகப் போவதும் வளையாமல் நிற்பதும் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இல்லையே!

எங்கள் கிளப்பில் ஒரு இளைஞர் புதிதாக ஒரு பிரஸ் வாங்கினார். அலுமினியக் கலவை உடம்பு, பார்க்க அழகு, டையைச் சிறிது திருப்பினாலே கழற்றி மாட்டுகிற வளைய வசதி. என்னிடம் இருப்பதோ எனக்கு முன்னால் இருவர் பயன்படுத்திய வார்ப்பிரும்பு பிரஸ். பச்சைப் பெயின்ட் பாதி போய்விட்டது. கைப்பிடி உருண்டை மட்டும் நான் மாற்றினேன். இரண்டையும் ஒரே பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை ரேமின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம். கையால் தள்ளினால் என்னுடையது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆடியது, அவருடையது இரண்டு. ‘பார்த்தீர்களா, புதுசுதான் டைட்டு’ என்றார். சரி என்றேன்.

அப்புறம் ஒரு ரைஃபிள் கூட்டில் மசகு தடவினோம். ரேம் உச்சிக்குப் போகும்போது, அதன் தலையில் கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் டையின் அடியைச் சரியாகத் தொடும்படி டையைத் திருகி வைத்தோம். வெறும் ரேமை ஏற்றினால் இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் புகாது. கூட்டை வைத்து அழுத்தியபோது, அவருடைய பிரஸ்ஸில் அந்த இடத்தில் மெல்லிய வெளிச்சக்கோடு ஒன்று தெரிந்தது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தால் ஆயிரத்தில் எட்டுப் பங்குத் தகடு உள்ளே போனது. என் கிழட்டு பிரஸ்ஸில் மூன்று பங்குத் தகடே சிரமப்பட்டுத்தான் போனது. அவருடையது ஒரு பக்கம் திறந்திருக்கும் சி வடிவம், அதிலும் இலேசான உலோகம். அழுத்தும்போது வாய் விரிகிறது. என்னுடையது நாலா பக்கமும் மூடிய ஓ வடிவ வார்ப்பு.

இந்த ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தால் என்ன ஆகும்? பித்தளை எல்லாக் கூட்டிலும் ஒரே கடினத்தில் இருக்காது. நாலைந்து தடவை சுட்ட கூடு இறுகிப்போயிருக்கும். பிரஸ் விட்டுக்கொடுத்தால், மிருதுவான கூடு ஒரு நீளத்துக்கும் இறுகிய கூடு வேறொரு நீளத்துக்கும் வரும். பத்துத் தோட்டாவில் இரண்டு துப்பாக்கி அறையை மூடும் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். டையை இன்னும் கொஞ்சம் கீழே திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த இளைஞரும் அதைத்தான் செய்தார், இப்போது நன்றாகச் சுடுகிறார். அலுமினிய பிரஸ்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைத்துப்பாக்கிக் கூடுகளைக் கார்பைடு என்கிற மிகக் கடினமான பொருளில் செய்த டையில் அழுத்த அவ்வளவு பலமே தேவைப்படாது. அந்த வேலைக்கு அது தாராளம். பிரஸ்ஸை அதன் வயதை வைத்து எடைபோடாதீர்கள், உருவத்தையும் உலோகத்தையும் பாருங்கள் என்கிறேன்.

ரேமில் இருந்த ஆட்டம்? அது நாம் நினைக்கிற அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. கூடு டைக்குள் புகுந்த பிறகு அதை நேராக்குவது டைதான். ஷெல் ஹோல்டரிலேயே கூட்டுக்குச் சிறிது இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். போனான்சா நிறுவனம் செய்து, இப்போது ஃபார்ஸ்டர் விற்கிற கோ-ஆக்ஸ் பிரஸ்ஸைப் பாருங்கள். அதில் டை மரையில் இறுகி நிற்காது, ஒரு காடியில் தளர்வாக உட்காரும். கூட்டைப் பிடிக்கிற தாடையும் அசையும். இரண்டும் ஒன்றையொன்று தேடி நடுவில் வந்து சேரட்டும் என்று வேண்டுமென்றே விட்ட ஆட்டம் அது. துல்லியச் சுடுநர்கள் இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்த யோசனைக்கே பல பத்து வருட வயது.

பழையதென்றால் எவ்வளவு பழையது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1884ல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி போன்ற கைக்கருவியைச் செய்தது. பாக்குவெட்டியைப் பிடிப்பது போலக் கையில் பிடித்து அழுத்த வேண்டும். 1925ல் லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கியது. அந்த வழியில் வந்த லைமன் 310 இடுக்கியை இன்றும் சிலர் வைத்திருக்கிறார்கள். கூட்டின் கழுத்தை மட்டும் சரிசெய்ய அது போதும். முழுக் கூட்டையும் அழுத்த அதற்குப் பலம் கிடையாது. பழசு எதற்கும் ஆகாது என்ற பேச்சு அதற்குச் சற்றுப் பொருந்தலாம். பெஞ்சில் இறுக்கிய வார்ப்பிரும்பு பிரஸ்ஸுக்கு எப்படிப் பொருந்தும்?

பழைய பிரஸ்ஸுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பது ஒரு மரை. 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. இதுவே பொது அளவாக நிலைத்துவிட்டது. அதனால்தான் அறுபது வருடத்துப் பிரஸ்ஸில் போன மாதம் செய்த டையை மாட்ட முடிகிறது. இந்த மரை இல்லாத பழையவையும் உண்டு. லைமன் ட்ரூ-லைன் ஜூனியர் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் 310 இடுக்கியின் டை அளவான 5/8 அங்குலம், 30 மரைதான் அதில் ஏறும். தெரியாமல் வாங்கினால் டைக்கு அலைய வேண்டியிருக்கும். ஹெர்ட்டர்ஸ் என்று மினசோட்டாவில் ஒரு நிறுவனம் இருந்தது. அவர்களுடைய பிரஸ்கள் யானைக்கால் மாதிரி கனம், அடித்தாலும் உடையாது. ஆனால் அவர்களுடைய ஷெல் ஹோல்டர் தனி மாதிரி, மற்ற நிறுவனத்தாரின் ஹோல்டர் அதில் உட்காராது. அந்த நிறுவனமும் இப்போது பழையபடி இல்லை. அந்த பிரஸ் கிடைத்தால், கூடவே ஹோல்டர்களும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆர்.சி.பி.எஸ். என்ற பெயரைக் கேள்விப்படாமல் இந்தப் பக்கம் யாரும் வர முடியாது. ஃப்ரெட் ஹன்டிங்டன் 1943ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கியது. போர்க்காலத்தில் குண்டு கிடைக்கவில்லை, சுட்டுப்போட்ட சிறிய .22 அங்குலத் தோட்டாக் கூடுகளையே அழுத்திக் குண்டுக்கு மேலுறையாக்கும் டையைச் செய்தார். ராக் சக் என்பது மலைப்பாறைகளில் வாழும் அணில் இனத்துப் பிராணி. அதைச் சுடுவதற்கான குண்டை அழுத்துகிற டை என்பதன் சுருக்கம்தான் அந்த நான்கு எழுத்து. உலோகத்தைக் குளிர்நிலையிலேயே நசுக்கி வடிவாக்கும் வேலைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று லேத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வேலையில் பிறந்த நிறுவனத்தின் ராக் சக்கர் பிரஸ்ஸுக்கு ஒரு ரைஃபிள் கூட்டை அழுத்துவது பெரிய பாரமில்லை.

சரி, புதியவை எதில் மேல்? இதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு மிக வருத்தம் தந்தது அதுதான், ஏனென்றால் இதில் உடல்நலம் இருக்கிறது.

பிரைமருக்குள் இருக்கும் வெடிப்பொருளில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட பிறகு அதன் கரி பிரைமருக்குள் பொடியாக ஒட்டியிருக்கும். என்னுடையது போன்ற பழைய பிரஸ்ஸில் ரேம் பெரும்பாலும் கெட்டித்தண்டு. பழைய பிரைமர் ரேமின் பக்கத்துக் காடி வழியாக வெளியே விழும். சில தட்டில் விழும், சில தரையில் விழும். ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சிட்டிகைப் பொடி பறக்கும். பல வருடம் நான் இதைக் கவனித்ததே இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று வந்தபோது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். வீட்டுக்கு வந்து ஈரமான வெள்ளைத் துணியால் பெஞ்சைத் துடைத்தேன். துணி சாம்பல் கலந்த கறுப்பாக வந்தது. பிரஸ்ஸுக்குப் பின்னால் இருந்த சுவர்த்தட்டைத் துடைத்தேன், அதுவும் அப்படியே. அந்தத் தட்டில்தான் என் மூக்குக்கண்ணாடியை வைப்பேன்.

இன்றைய பிரஸ்களில் பலவற்றில் ரேம் உள்ளே குடைந்திருக்கும். பிரைமர் அதன் வழியாகவே இறங்கி, குழாயில் ஓடி, மூடிய புட்டிக்குள் விழுந்துவிடும். பொடி வெளியே வராது. லீ கிளாசிக் காஸ்ட், ஆர்.சி.பி.எஸ். ரெபெல் இரண்டிலும் இந்த அமைப்பு உண்டு. இரண்டுமே இலேசான உலோகம் இல்லை. கோ-ஆக்ஸிலும் பிரைமர் கீழே குழாய் வழியாகத்தான் இறங்கும். ஆரோக்கியம் மட்டுமில்லை, இயந்திரத்துக்கும் இது நல்லது. பிரைமர் பொடி சாணைக்கல் பொடி மாதிரி. எண்ணெய் பூசிய ரேமில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு இழுப்புக்கும் துளையை அரித்துக்கொண்டே இருக்கும். என் பிரஸ்ஸில் இருக்கும் ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆட்டம் அப்படி வந்ததுதான் என்று நம்புகிறேன்.

அதனால் இப்போது பழைய பிரைமரைத் தள்ளுவதை மட்டும் குழாய் வைத்த ஒரு சிறிய புதிய பிரஸ்ஸில் தனியாகச் செய்கிறேன். கூடுகளைத் தண்ணீரில் போட்டுச் சுற்றிக் கழுவிய பிறகே பழைய பிரஸ்ஸுக்குக் கொண்டுவருகிறேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் எதையும் சாப்பிடுவதில்லை, குடிப்பதில்லை. வேலை முடிந்ததும் ஈரத்துணியால்தான் துடைப்பேன், விளக்குமாற்றைத் தொடுவதில்லை. ஈயத்தின் அளவு இறங்கிவிட்டது.

புதியவற்றில் இன்னொரு வசதி, கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். என் மனைவிக்கு இடது கை. பழைய பிரஸ்ஸில் அவள் பட்ட பாட்டை நினைத்தால், இதை மட்டும் வைத்தே சிலர் புதியதை வாங்கினால் நான் மறுத்துப் பேச மாட்டேன். நீண்ட ரைஃபிள் தோட்டாவை வைக்க வாய் உயரமாகவும் இருக்கிறது. விரல் நசுங்காது.

அடுத்தது வேகம். என்னுடையது போல ஒரு தடவைக்கு ஒரு டை மாட்டுகிற பிரஸ்ஸில் மணிக்கு ஐம்பது தோட்டா வந்தால் நல்ல வேலை. பல டைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் புரோகிரஸிவ் என்கிற வகையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும், மணிக்கு நானூறு, ஐந்நூறு ஆகும். இதையும் புதுசு என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். ஸ்டார் நிறுவனத்தின் புரோகிரஸிவ் பிரஸ்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வந்துவிட்டன. வீட்டு பெஞ்சுக்குக் கட்டுப்படியாகும்படி அதைப் பரவலாக்கியதில் டில்லன் பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மைக் டில்லனுக்குப் பெரும் பங்கு உண்டு. கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்கள் வாரத்துக்குப் பல நூறு தோட்டா சுடுவார்கள். அவர்களுக்கு என் பழைய பிரஸ்ஸைச் சிபாரிசு செய்தால் அது நியாயமாகாது.

ஆனால் அந்த வேகத்துக்குத் தனி ஒழுங்கு வேண்டும். என்னிடமும் ஒரு புரோகிரஸிவ் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக நாலு நிலையம், கூடுகளைச் சுமக்கும் தட்டைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஒருநாள் நடுவில் பிரைமர் சிக்கியது. எடுத்துச் சரிசெய்துவிட்டு, எங்கே விட்டேன் என்று பார்க்காமல் தட்டை ஒரு நிலையம் சுற்றிவிட்டேன். மருந்து விழ வேண்டிய கூடு மருந்து விழாமலே அடுத்த நிலையத்துக்குப் போய், குண்டையும் வாங்கிக்கொண்டது. மறுநாள் ரேஞ்சில் ஒரு தோட்டா ‘டப்’ என்று ஈனமாகச் சத்தம் போட்டது. கைக்கு உதைப்பே வரவில்லை. நிறுத்திவிட்டேன். துப்பாக்கியைக் காலி செய்து கம்பி விட்டுப் பார்த்தால் குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லை வெடித்திருக்கும். தவறு முழுக்க என்னுடையது. இப்போது நடுவில் நின்றால், தட்டில் இருக்கும் நாலையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குகிறேன். தட்டு தானாகச் சுற்றுகிற, மருந்தின் மட்டம் தவறினால் ஒலி எழுப்புகிற அமைப்பைச் சேர்க்கக்கூடிய பிரஸ்களும் இருக்கின்றன. புரோகிரஸிவ் வாங்குகிறவர்கள் அப்படிப்பட்டதையே வாங்குங்கள்.

பழைய முறையில் ஐம்பது குழி வைத்த மரக்கட்டையில் ஐம்பது கூட்டையும் நிறுத்தி மருந்து ஊற்றுவேன். அப்புறம் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியும். குண்டு வைப்பது அதற்குப் பிறகுதான். இதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர் யார் கேட்டாலும், பழசோ புதுசோ, ஒற்றை டை பிரஸ்ஸிலேயே முதல் ஆயிரம் தோட்டாவைச் செய்யச் சொல்கிறேன்.

பழைய பிரஸ் ஒன்று கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். டை மாட்டும் துளையில் ஒரு புதிய டையைக் கையாலேயே ஏற்றுங்கள். தள்ளாடாமல் கடைசி மரைவரை போக வேண்டும். கைப்பிடியை ஆட்டி, பின்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பின் தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டாம். துளையை ரீமர் விட்டுச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பின் போட்டால் சரியாகிவிடும். நான் அப்படி மூன்று பிரஸ்ஸை நண்பர்களுக்குச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். துருவுக்கு எண்ணெயும் பித்தளைப் பிரஷ்ஷும் போதும். ரேமை எமரித்தாளால் மட்டும் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், அளவு போய்விடும்.

வார்ப்பில் விரிசல் இருந்தால் ஒட்டவைக்க முயல வேண்டாம், அந்த பிரஸ்ஸை விட்டுவிடுங்கள். ஆனால் அது விரிசல்தானா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தில் பெயின்ட்டையும் கிரீஸையும் சுத்தமாக எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். மேற்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸை அரைத்துப் பொடியாகத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று எழும்பும். வார்ப்புத்தடமாக இருந்தால் பொடி கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும்.

உங்கள் படத்தில் இருந்த பிரஸ்ஸின் உரிமையாளருக்கு இந்தக் கடிதம் கண்ணில் பட்டால், அந்தக் கோட்டின் மேல் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய பிரைமரைக் கூட்டில் அழுத்தி வைக்கும் நெம்புகோல் அந்தப் படத்தில் காணோம். அதைப் பெட்டியில் எங்காவது தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பிரைமரைக் கைக்கருவியால் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் தொழிலாளி ஒருவர்